முதல் குழி ஏன் பிங்க் ஆனது? ஒரு பிஎச்.டி. ஸூம் நேர்காணலின் நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை, விடிகாலை நாலே கால். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அன்று கூடாரவல்லி. பெருமாள் கோயில் ஒலிபெருக்கி கரகரவென்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. முன்னறையில், நான்கு பாடப்புத்தகங்களின் மேல் ஏற்றிவைத்த லேப்டாப்புக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் அமெரிக்க மேற்குக் கரைப் பேராசிரியர் ஒருவர். அவருக்கு இன்னும் வியாழக்கிழமைதான், பிற்பகல் 2.45. பேச்சு அவளுடைய எம்.எஸ்சி. ஆய்வைப் பற்றி: ஒரு மூலிகைச் சாற்றைப் பல அளவுகளில் தட்டின் சின்னக் குழிகளில் ஊற்றி, அது கிருமியைத் தடுக்கிறதா என்று பார்த்தது. ஒவ்வோர் அளவும் மூன்று தடவை, அதாவது மூன்று ரெப்ளிகேட்.

"விண்ணப்பத்தில் 2000 மைக்ரோகிராமிலிருந்து தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வரைபடம் 1000-இல் தொடங்குகிறதே, ஏன்?"

"முதல் குழியில் பிப்பெட் பிழை, அளந்து ஊற்றியதில் தவறு."

"மூன்று ரெப்ளிகேட்டிலுமா?"

அவளுக்குப் பதில் வரவில்லை. அவர் கோபப்படவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. "சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்று நகர்ந்துவிட்டார். மீதி நேரம் மரியாதையாகக் கழிந்தது. பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து 'வருந்துகிறோம்' வந்தது. காரணம் சொல்லமாட்டார்கள், எந்த இடமும் சொல்வதில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் போயிற்று என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த விடிகாலைக்கு முன்பு நான்கு வாரமும் பின்பு இரண்டு வாரமும் நாங்கள் தயாரான விதத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. அவளுக்கு வழிகாட்டியாக இருந்து முதல் நான்கு வாரத்துக்குத் திட்டம் போட்டது நான்தான், அதனால் அதில் இருந்த கோளாறும் என்னுடையதுதான். அவள் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஊர், கல்லூரி போன்ற அடையாளங்களைத் தெளிவில்லாமல் விட்டிருக்கிறேன்.

பின்னணி

பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டு வருடம், இரண்டும் உள்ளூர்க் கல்லூரியில். அப்பா பஸ் கண்டக்டர். ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 100 டாலர் வரை என்று வைத்துக்கொண்டால் ஆறுக்கு ஆகும் தொகை அந்த வீட்டில் சின்னத் தொகை இல்லை. இரண்டு இடங்களில் கேட்டு எழுதிக் கட்டண விலக்கு வாங்கினாள். இதைப் பலர் கேட்பதே இல்லை, கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். அமெரிக்க மேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ. எழுதவில்லை. 2018 வாக்கிலிருந்தே அமெரிக்காவின் உயிர்மருத்துவத் துறைகள் ஒவ்வொன்றாக அந்தத் தேர்வைக் கைவிட்டு வந்திருக்கின்றன. அதனால் விண்ணப்பக் கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் மூன்றின் கனமும் கூடிவிட்டது.

இந்தப் படிப்புகளில் பல 'குடை' அமைப்பில் நடப்பவை. ஒரு பேராசிரியரிடம் நேரடியாகச் சேர்வதில்லை. திட்டத்தில் சேர்ந்து, முதல் வருடம் மூன்று ஆய்வகங்களில் தலா எட்டுப் பத்து வாரம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் கைடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்விக்கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் போல உதவித்தொகை வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். பல்கலைக்கழகங்களுக்குத் தரும் டி-32 என்ற பயிற்சி மானியத்தில் அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களையும் மட்டுமே வைக்க முடியும். வெளிநாட்டு மாணவிக்கு ஆகும் செலவைத் துறை வேறு பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே நம் பிள்ளைகளுக்கு இடம் எப்போதும் குறைவு. 2025-இல் என்.ஐ.எச். நிதியில் குழப்பம் வந்தபோது பல இடங்கள் சேர்க்கையையே சுருக்கின. அது இவள் காலத்துக்குப் பிந்தைய கதை.

2020-க்கு முன்பெல்லாம் உள்நாட்டு மாணவர்களை விமானத்தில் வரவழைத்து, இரண்டு மூன்று நாள் விருந்தோம்பலோடு நேர்காணல் நடத்துவார்கள். நம்மவர்களுக்கு அப்போதும் பெரும்பாலும் ஸ்கைப்தான். கொரோனா வந்து எல்லோரையும் ஒரே சதுரத்துக்குள் உட்கார வைத்தது. அந்த வகையில் ஸூம் நேர்காணல் அப்போது நமக்கு ஒரு சமத்துவமாக இருந்தது. யாருக்கும் விருந்து இல்லை.

டிசம்பர் முதல் தேதி விண்ணப்பம் முடிந்தது. மாதத்தின் நடுவில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று பசிபிக் நேரப் பகுதி, ஜனவரி 11. மற்றொன்று மத்திய நேரப் பகுதி, ஜனவரி 26. மற்ற நான்கு இடங்களும் வாயே திறக்கவில்லை.

விளக்கு வாங்கிய நான்கு வாரம்

நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் வாரம் முழுக்க வெளிச்சத்துக்குப் போயிற்று. தலைக்கு மேல் டியூப்லைட் இருந்தால் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழும். முகத்துக்கு நேரே ஒரு மேசை விளக்கு வைத்து, அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினோம். லேப்டாப்பைக் கண் மட்டத்துக்கு ஏற்றினோம். முதல் ஒத்திகையில் அவள் பெயர் திரையில் 'அப்பா ரெட்மி' என்று வந்தது. அதைத் திருத்தினோம். வைஃபை விழுந்தால் அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட், அதுவும் விழுந்தால் ஸூமுக்கு நேரடியாக போன் செய்யும் எண் ஒரு தாளில். இதெல்லாம் தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இவை ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடியவேண்டிய வேலைகள். நான் அதற்கு ஒரு வாரம் கொடுத்தேன்.

நேரக் கணக்கு மட்டும் அந்த உழைப்புக்குத் தகுந்தது. ஜனவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரை நமக்கு பத்தரை மணி நேரம் பின்னால், மத்தியப் பகுதி பதினொன்றரை, மேற்குக் கரை பதிமூன்றரை. அழைப்பில் வந்த பிடிஎஃப் அட்டவணையில் வியாழன் காலை பத்து முதல் மாலை மூன்று என்று இருந்தது. நமக்கு வியாழன் இரவு பதினொன்றரையில் தொடங்கி வெள்ளி விடிகாலை நாலரையில் முடியும். அவள் அம்மா காலண்டரில் 11-ஆம் தேதியையும் 12-ஆம் தேதியையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். அதைவிடத் தெளிவான குறிப்பு இருக்க முடியாது.

இரண்டாம் வாரத்திலிருந்து கேள்வி-பதில். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், ஏன் பிஎச்.டி., தோற்றுப்போன ஒரு பரிசோதனை, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள். இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி, நான் திருத்தி, அவள் மனப்பாடம் செய்தாள். நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் கைவந்த கலை, அதுதான் ஆபத்து. மூன்றாம் வார ஒத்திகையைப் பதிவு செய்து பார்த்தால், திரையைச் சுற்றி ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகளுக்கு அவள் கண் போய்ப்போய் வருகிறது. எதிரில் இருப்பவருக்கு அது பச்சையாகத் தெரியும். இப்போதெல்லாம் யாரோ பக்கத்தில் பதிலைக் கணினியில் வரவழைத்துப் படிக்கிறார்கள் என்றும் நினைத்துக்கொள்வார்கள். சீட்டுகளைக் கிழித்தோம். ஒன்றே ஒன்று மிஞ்சியது, அந்தந்த நேரத்துக்குப் பேசப்போகிறவரின் பெயர்.

அவளுடைய ஆய்வைப் பற்றி இந்த நான்கு வாரத்தில் நான் கேட்டது ஒரே ஒருமுறை. "மூன்று நிமிடத்தில் சொல்லு." சொன்னாள். சரளமாக இருந்தது. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அந்த இரவுக்குப் பிறகு

வெள்ளி காலை ஆறு மணிக்கு போன் வந்தது. "அக்கா, நான் பொய் சொல்லிட்டேனா?"

பொய் இல்லை என்று சமாதானம் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "லேப் நோட்டு வீட்டுல இருக்கா? படம் எடுத்து அனுப்பு" என்றேன். பதினொரு பக்கங்கள் வந்தன. அன்று மாலை வரை நாங்கள் இருவரும் அந்தப் பக்கங்களோடுதான் இருந்தோம்.

ஆய்வு இதுதான். ஆடாதோடை இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு காசநோய்க் குடும்பத்துக் கிருமியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. பாட்டி இருமலுக்கு வைத்த கஷாயத்திலிருந்து தொடங்கிய ஆர்வம். ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும் என்ற பழமொழியைத் தன் கட்டுரையின் முதல் வரியில் மொழிபெயர்த்துப் போட்டிருந்தாள். அந்த வரியை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசநோய்க் கிருமியைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், அந்தக் கல்லூரியில் அது கிடையாது. அதனால் அதன் உறவுக்காரக் கிருமியான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ். காசநோய்க் கிருமி இரட்டிப்பாக ஒரு நாள் ஆகும் என்றால் இதற்கு மூன்று மணி நேரம் போதும். சாதாரண ஆட்களுக்கு நோய் தராது.

முறை: 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஓரக் குழிகள் காய்ந்துபோகும் என்பதால் அவற்றில் வெறும் தண்ணீர். நடுவில் இருக்கும் அறுபதில், மூன்று வரிசைக்குச் சாறு. முதல் குழியில் மில்லிலிட்டருக்கு 2000 மைக்ரோகிராம், அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதில் பாதி என்று பத்தாம் குழியில் 3.9 வரை. மற்ற வரிசைகளில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் மட்டும், மருந்தே இல்லாத கிருமி, கிருமியே இல்லாத ஊட்டக்கரைசல் (மீடியா). இரண்டு நாள் வளர்த்தபின் ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள கிருமி அந்தச் சாயத்தை ஒடுக்கி, அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுத்து, பிங்க் நிறத்துக்கு மாற்றும். நீலமாகவே நின்றால் கிருமி வளரவில்லை. பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கப் பால்பண்ணைகளில் ஒரு காலத்தில் போட்ட சாயமும் இதேதான்.

அவள் ஆய்வேட்டில் இருந்த முடிவு: 500-லும் 1000-லும் நீலம், 250-லிருந்து கீழே பிங்க். ஆக 500 மைக்ரோகிராமில் தடுக்கிறது. அழகான வரைபடம்.

லேப் நோட்டில் இருந்தது வேறு. மூன்று வரிசையிலும் 2000 இருந்த முதல் குழி பிங்க். மருந்து மிக அதிகமாக உள்ள இடத்தில் கிருமி உயிரோடு இருப்பதுபோல் தெரிகிறது. "சார் பாத்துட்டு, ஏதோ பிப்பெட்டிங் எரர், அந்தக் குழியை எடுத்துட்டு கிராஃப் போடுன்னாரு" என்றாள். அந்த கைடைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரே செமஸ்டரில் பன்னிரண்டு பிள்ளைகளின் ஆய்வேட்டைக் கரையேற்ற வேண்டிய மனிதர் அவர். ஆனால் பிப்பெட் பிழை என்பது ஒரு குழியில் நடக்கும், இரண்டில் நடக்கலாம். மூன்று வரிசையிலும் ஒரே இடத்தில், அதுவும் வேறொரு வாரம் மறுபடி போட்ட தட்டிலும் அதே இடத்தில் நடக்காது. அந்த இரண்டாவது தட்டின் பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இன்னொன்றும் இருந்தது. "இரண்டாம் குழி: நீலம், கொஞ்சம் ஊதா."

நான் கேட்டேன், "கிருமியே இல்லாத குழியில என்ன போட்ட?"

"மீடியா, சாயம்."

"சாறு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "போடலைக்கா."

முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. சாயத்தை ஒடுக்குவதற்குக் கிருமிதான் வேண்டும் என்பதில்லை. இலைச்சாற்றில் உள்ள பாலிஃபீனால் போன்ற ஒடுக்கும் பொருள்கள் போதிய அளவு இருந்தால் அவையே நீலத்தைப் பிங்க் ஆக்கிவிடும். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று விளம்பரத்தில் புகழ்கிறார்களே, அதே குணம். சாறு மிக அதிகமாக உள்ள முதல் குழியில் கிருமி செத்துக்கூட இருக்கலாம், நிறத்தை மாற்றியது சாறாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க, சாறும் சாயமும் மட்டும் உள்ள, கிருமி இல்லாத ஒரு வரிசை வேண்டும். தட்டில் அந்த வரிசை இல்லை.

விந்தை என்னவென்றால், மறைக்கப்பட்ட அந்தக் குழிதான் அவள் செய்த வேலையிலேயே சுவாரசியமான இடம். மீதி எல்லாம் எந்தக் கல்லூரியிலும் எடுக்கக்கூடிய முடிவு.

இரண்டு வாரம்

எழுதிவைத்த இருபத்திரண்டு பதில்களையும் மூடிவைத்தோம். தினமும் இரவு எட்டரைக்கு, நேர்காணல் தொடங்கும் அதே நேரத்துக்கு, லேப் நோட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து நான் எதிரியாக உட்காருவேன். என் தோழி ஒருத்தி காசநோய் ஆய்வில் இருப்பவள், அவளும் மூன்று இரவு வந்து குடைந்தாள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்தச் சாலை வழியாகத்தான் போவார்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டி வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்தாமல் பழகிக்கொண்டாள். ஸூமில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் அமைப்பை உயர்நிலைக்கு வைத்ததும் எனக்கு முருகன் பாட்டு ஏறக்குறையக் கேட்கவில்லை.

தோழியின் முதல் கேள்வி: "500 மைக்ரோகிராம்ங்கிறது நல்ல மருந்தா?" விண்ணப்பத்தில் 'நம்பிக்கை தரும் காசநோய் மருந்து' என்று எழுதியிருந்தாள். ஐசோனியாசிட் காசநோய்க் கிருமியைத் தடுக்க மில்லிலிட்டருக்கு 0.02 முதல் 0.2 மைக்ரோகிராம் போதும். சுத்திகரிக்காத சாற்றையும் சுத்தமான மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது என்பது சரி. இருந்தாலும் 500 என்பது பலவீனம்தான். அதை அவளே சொல்லப் பழகினாள். "இது மருந்து இல்லை. இதில் ஏதாவது இருக்கிறதா என்று அடுத்த படிக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி." இந்த வாக்கியம் வாயில் வர மூன்று நாள் ஆயிற்று. நம் ஊரில் சொந்த வேலையைக் குறைத்துச் சொன்னால் பணிவு என்பார்கள், அளந்து சொல்வதற்கு மட்டும் யாரும் பழக்கியதில்லை.

இரண்டாவது கேள்வி: "ஏன் ஸ்மெக்மாட்டிஸ்?" 'எங்கள் கல்லூரியில் வசதி இல்லை' என்பது உண்மையான பதில், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கேயே நிறுத்தக்கூடாது. காசநோய்க்கு நாற்பது வருட இடைவெளிக்குப் பின் புதிய வழியில் வந்த மருந்தான பெடாகுவிலின், முதலில் பிடிபட்டதே ஸ்மெக்மாட்டிஸ் வைத்து நடத்திய தேடலில்தான். 2005-இல் அந்த ஆய்வு வெளிவந்தது, 2012 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல். எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ரிஃபாம்பிசினைச் செயலிழக்க வைக்கும் ஒரு நொதி ஸ்மெக்மாட்டிஸிடம் இயல்பாகவே உண்டு. அதனால் அந்த மருந்தை ஒப்பீட்டுக்கு வைத்தால் எண்கள் காசநோய்க் கிருமியோடு ஒத்துப்போகாது. "இதையெல்லாம் ப்ராஜெக்ட் பண்ணும்போது யாருமே கேக்கலையேக்கா" என்றாள். உண்மைதான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அவளைக் கேட்டது ஆடாதோடையின் தாவரவியல் பெயர்.

மூன்றாவது சிக்கல் அறிவியல் இல்லை, இலக்கணம். எதைக் கேட்டாலும் 'வீ' என்றுதான் ஆரம்பிப்பாள். வீ டிட், வீ அப்சர்வ்டு. தமிழில் நாம் என்பதும் நாங்கள் என்பதும் வேறு, ஆங்கிலத்தின் அந்த ஒற்றைச் சொல்லில் யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாது. அதற்கு மேல் நம் பழக்கம் வேறு. கைடு இருக்கும்போது 'நான் செய்தேன்' என்றால் தலைக்கனமாகத் தெரியும். நேர்காணல் எடுப்பவருக்கோ இவள் கை பட்டது எது என்று தெரிந்தாக வேண்டும். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்தோம்: சாறு எடுத்தது நான், தட்டு போட்டது நான், கிருமியை வளர்த்துக் கொடுத்தது சீனியர் அக்கா, எந்த இலை என்று முடிவு செய்தது நான், எந்த முறை என்று முடிவு செய்தது சார். அந்தக் குறிப்புக்குப் பின் 'ஐ' தானாக வந்தது. வரிக்கு வரி வந்த 'சார்' மட்டும் கடைசிவரை முழுதாகப் போகவில்லை. விட்டுவிட்டேன், அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

பேராசிரியர்களைப் பற்றிப் படிப்பது சீக்கிரம் முடிந்தது. நான்கு பேர், ஆளுக்கு அண்மைய கட்டுரை ஒன்று, அதிலும் ஒரே ஒரு படத்தை முழுதாகப் புரிந்துகொள்வது. எல்லாக் கட்டுரைகளையும் மேய்வதைவிட இது மேல். திட்ட இயக்குநரிடம் கேட்க ஒரு கேள்வி: வெளிநாட்டு மாணவர்களை முதல் வருடம் எந்த நிதியில் வைக்கிறீர்கள், ஆய்வகம் தேர்ந்தெடுக்கும்போது அது தடையாகுமா? அங்கே படிக்கும் மாணவர்களிடம் கேட்க: சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சும், முதல் வருடம் ஆய்வகம் கிடைக்காமல் தவித்தவர்கள் உண்டா?

ஜனவரி 26, இரவு எட்டரை

குடியரசு தினம். தைப்பூசம் முந்தின நாளே முடிந்ததால் சாலை அமைதி. ஏழரைக்கு ஸூம் அப்டேட் கேட்டது. ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார்ந்ததால் பிழைத்தோம். அம்மா தோசை ஊற்றிக் கொடுத்து, "சாப்பிட்டுட்டுப் பேசு, வயிறு காலியா இருந்தா வாய் வராது" என்றார். அப்பா மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கே உட்கார்ந்து அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை.

நான்கு பேராசிரியர்கள், ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். முதலாமவர் தன் ஆய்வகத்தைப் பற்றியே இருபது நிமிடம் பேசினார், அப்படியும் நடக்கும். இரண்டாமவரிடம்தான் அது வந்தது. ஆய்வைச் சொல்லச் சொன்னார். அவள் வரைபடத்தைக் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "என் ஆய்வேட்டில் முதல் குழியை நீக்கிவிட்டு வரைந்திருக்கிறேன். அது தவறு. நீக்காத படம் இது." பத்துக் குழிகளும் உள்ள பழைய புகைப்படத்தைக் காட்டினாள். சாறு மட்டும் உள்ள வரிசை இல்லாததையும், அதனால் என்ன சொல்ல முடியாது என்பதையும் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றே: "அப்படியானால் உங்கள் 500 நம்பத்தகுந்ததா?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவில்லை. அவள் கொஞ்சம் யோசித்து, யோசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டு, பதில் சொன்னாள். சாறு சாயத்தை மாற்றினால் செத்த கிருமி உயிரோடு இருப்பதாகத்தான் தெரியும், உயிருள்ளது செத்ததாகத் தெரியாது. ஆகவே இந்தப் பிழை சாற்றின் திறனைக் குறைத்துக் காட்டுமே தவிர கூட்டிக் காட்டாது. 500-இன் நீலத்தை நம்பலாம், 2000-இன் பிங்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதைத் தீர்க்க அந்தக் குழிகளிலிருந்து எடுத்து அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் கோடு இழுத்து, காலனி (கிருமி வளர்ந்த திட்டு) வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"அவர் சிரிச்சாருக்கா" என்றாள், இரவு பன்னிரண்டரைக்கு. மீதி நேரம் முழுக்க அவரும் இவளும் அந்தத் தட்டை எப்படி மறுபடி அமைக்கலாம் என்றே பேசியிருக்கிறார்கள். நான்காமவரிடம் நெட் ஒருமுறை அறுந்தது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாற நாற்பது நொடி ஆயிற்று, "மன்னிக்கவும், இதோ வந்துவிட்டேன்" என்று விட்ட வாக்கியத்தில் தொடர்ந்தாள். அவ்வளவுதான். நான் ஒரு வாரம் செலவழித்த விஷயத்துக்கு நேர்காணலில் கிடைத்த மொத்த நேரம் அந்த நாற்பது நொடி.

பிப்ரவரி மூன்றாம் வாரம் இடம் கிடைத்தது. ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் உண்டு, பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கும் பொதுத் தேதி அது. அவளுக்கு யோசிக்க வேறொன்றும் இல்லை.

மறுமுறை ஒருவருக்கு வழிகாட்டினால் நான் லேப் நோட்டிலிருந்து தொடங்குவேன், அதுவும் விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே. இவள் கட்டுரையில் 2000 என்று எழுதி, படத்தில் 1000 என்று வைத்த முரணை நான்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். இரண்டு தாளும் நான்கு வாரம் என் மேசையில்தான் கிடந்தன.

மார்ச்சில் அவள் பழைய கல்லூரிக்குப் போனாள். கைடிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தாள். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, "பிளேட் இருக்கு, சாயமும் கொஞ்சம் இருக்கு. வந்து போட்டுப் பாரும்மா" என்றாராம். மூன்று வரிசை, பத்துப் பத்துக் குழி, சாறும் ஊட்டக்கரைசலும் சாயமும் மட்டும். கிருமி ஒன்றுகூட இல்லை. அதற்குக் கீழே பழைய மாதிரியே கிருமியோடு மூன்று வரிசை.

இரண்டு நாள் வளர்த்து, சாயம் சேர்த்த மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கிருமியில்லாத மூன்று வரிசையிலும் முதல் குழி பிங்க். இரண்டாவது ஊதா. மீதி எட்டும் நீலம். மூன்று நாள் கழித்து அகார் தட்டின் படம் வந்தது. கிருமியோடு இருந்த முதல் குழியிலிருந்து இழுத்த கோட்டில் ஒரு காலனிகூட இல்லை. 250-இன் கோட்டில் கொத்துக்கொத்தாக வந்திருந்தன.

கூடவே லேப் நோட்டின் படமும் இருந்தது. புதிய பக்கத்தின் மேல் மூலையில் பழைய பக்கத்தின் எண். பழைய பக்கத்தில், 'பிப்பெட்டிங் எரர்' என்று எழுதியிருந்த இடத்தை அடிக்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் புதிய பக்கத்தின் எண்ணையும் அன்றைய தேதியையும் எழுதியிருந்தாள்.